மகளின் தற்கொலைக்குப் புகுந்த வீட்டார் எந்தப் பிரிவில் பொறுப்பாவார்கள்: 80, 108, 85 – ஓர் ஒப்பீடு

புகுந்த வீட்டில் மகள் தற்கொலை செய்துகொண்டாள் என்று தகவல் வந்த அன்றே, அழுது ஓய்வதற்குள், பெற்றோர் கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துப் புகார் எழுதச் சொல்லிவிடுகிறார்கள். பிணவறை வாசலில் நிற்கும் உறவினர்களில் ஒருவர், "கொலைன்னே எழுதுங்கண்ணே, மொத்தக் குடும்பத்தையும் உள்ள தள்ளணும்" என்பார். இன்னொருவர், "பேரன் அவங்க கையில இருக்கான், பாத்து எழுதுங்க" என்பார். அந்த ஒரு மணி நேரத்தில் எழுதப்படும் ஒன்றரைப் பக்கம் பல ஆண்டுகள் கழித்து மகிளா நீதிமன்றத்தில் வரிக்கு வரி படிக்கப்படும் என்பதை அப்போது யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

இத்தகைய பெற்றோருக்குத் துணையாகக் காவல் நிலையத்திலும் கோட்டாட்சியர் அலுவலகத்திலும் உட்கார்ந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன். அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: வரதட்சணை மரணம், தற்கொலைக்குத் தூண்டுதல், கொடுமை என்ற மூன்றில் எதை வலியுறுத்த வேண்டும், மாமியார், மாமனார், நாத்தனார், கொழுந்தன் ஆகியோரில் யார் யாரைச் சேர்க்க வேண்டும்? பிரிவைத் தீர்மானிப்பது காவல்துறையும் நீதிமன்றமுமே என்றாலும், அவர்கள் தீர்மானிப்பதற்கான உண்மைகளைத் தருவது குடும்பம்தான் என்பதால், கேள்வி நியாயமானது.

2024 ஜூலை 1 முதல் நடந்த மரணங்களுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதற்கு முந்தைய மரணங்களுக்கு இந்திய தண்டனைச் சட்டமே பொருந்தும். வரதட்சணை மரணம் அன்று 304-பி, இன்று 80. தற்கொலைக்குத் தூண்டுதல் அன்று 306, இன்று 108. கொடுமை அன்று 498-ஏ, இன்று 85, அதன் விளக்கம் 86. எண்கள் மாறினவே தவிர, உள்ளடக்கம் ஏறத்தாழ அப்படியே இருப்பதால், பழைய தீர்ப்புகள் இன்றும் வழிகாட்டுகின்றன.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் பார்க்க வேண்டியது திருமணத் தேதி. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் மரணம் நிகழ்ந்ததா என்பதைப் பொறுத்து வழக்கின் திசையே மாறுகிறது. அடுத்தது, பணமோ நகையோ வண்டியோ நிலமோ கேட்டார்களா, கேட்டதற்குச் சொல்லைத் தவிர வேறு சான்று உண்டா என்பது. மூன்றாவது, கடைசியாகக் கேட்டதற்கும் மரணத்துக்கும் இடையிலான காலம். நான்காவது, புகுந்த வீட்டார் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்தது என்ன என்பது. இதைத்தான் குடும்பங்கள் அதிகம் கோட்டை விடுகின்றன. ஐந்தாவது, எதிர்த்தரப்புக்கு எதிராகச் சட்டமே ஓர் அனுமானத்தை எடுத்துக்கொள்கிறதா, அல்லது எல்லாவற்றையும் அரசுத் தரப்பே நிரூபிக்க வேண்டுமா என்பது. தண்டனையின் அளவைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். அதையே முதலில் பார்ப்பதால் கெட்டுப்போன வழக்குகளை நான் கண்டிருக்கிறேன்.

| அளவுகோல் | பிரிவு 80: வரதட்சணை மரணம் | பிரிவு 108: தற்கொலைக்குத் தூண்டுதல் | பிரிவு 85: கொடுமை |
|---|---|---|---|
| தண்டனை | குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் | 10 ஆண்டு வரை, அபராதம் | 3 ஆண்டு வரை, அபராதம் |
| திருமணமான காலம் | 7 ஆண்டுக்குள் மட்டுமே | வரம்பில்லை. அனுமானம் 7 ஆண்டுக்குள் மட்டுமே | வரம்பில்லை |
| வரதட்சணைக் கோரிக்கை | கட்டாயம் வேண்டும் | வேண்டியதில்லை | வேண்டியதில்லை |
| தற்கொலை என நிரூபிப்பது | வேண்டியதில்லை. இயல்புக்கு மாறான மரணம் போதும் | கட்டாயம் | வேண்டியதில்லை |
| அனுமானம் | நீதிமன்றம் எடுத்தே ஆக வேண்டும் | நீதிமன்றம் விரும்பினால் எடுக்கலாம் | இல்லை |
| யார் மீது | கணவர், அவருடைய உறவினர் | யார் மீதும் | கணவர், அவருடைய உறவினர் |
| விசாரிக்கும் மன்றம் | அமர்வு நிலை | அமர்வு நிலை | முதல் வகுப்பு நடுவர் |

## பிரிவு 80: வரதட்சணை மரணம்

1986-இல் வரதட்சணைத் தடைச் சட்டத் திருத்தத்தின் வழியாக இந்தக் குற்றம் தண்டனைச் சட்டத்துக்குள் வந்தது. நான்கு சுவருக்குள் நடந்ததற்கு வெளிச் சாட்சி கிடைக்காது என்பதை உணர்ந்து எழுதப்பட்டது என்பதே இதன் பலம். திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் இயல்புக்கு மாறான மரணம், மரணத்துக்குச் சற்று முன்பு கணவரோ அவர் உறவினரோ செய்த கொடுமை அல்லது துன்புறுத்தல், அது வரதட்சணைக் கோரிக்கை தொடர்பானது என்ற உண்மைகளை அரசுத் தரப்பு காட்டிவிட்டால், மரணத்துக்குக் காரணம் அவர்களே என்று நீதிமன்றம் அனுமானித்தே ஆக வேண்டும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 118-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. தூண்டினார்களா, என்ன எண்ணத்தில் செய்தார்கள் என்ற ஆராய்ச்சி இங்கே இல்லை.

மரணம் தற்கொலையா, விபத்தா, கொலையா என்று முடிவுகட்டவும் தேவையில்லை. 2021 மே மாதம் ஹரியானா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அந்த வழக்கில் வரதட்சணை மரணத்துக்கான தண்டனையை உறுதிசெய்த நீதிமன்றம், தற்கொலை என்பதே ஐயமற நிரூபிக்கப்படவில்லை என்று 306-ஐ நீக்கியது. தீக்காயம், கிணறு, விஷம் என்று எப்படி நேர்ந்தது என்பதே மர்மமாக இருக்கும் மரணங்களில் 80-ஆம் பிரிவே கைகொடுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

'சற்று முன்பு' என்றால் எத்தனை நாள் என்று சட்டம் சொல்லவில்லை. உடனடியாக என்று பொருளல்ல. கொடுமைக்கும் மரணத்துக்கும் இடையே அறுபடாத தொடர்பு இருக்க வேண்டும் என்பதே அளவு. ஒரு தந்தை மஞ்சள் பையிலிருந்து எடுத்து என் முன் வைத்தவை இன்னும் கண்ணில் நிற்கின்றன: திருமண அழைப்பிதழ், நகைக்கடை ரசீதுகள், அவற்றுக்கடியில் நான்காக மடித்த ஓர் அடகுச் சீட்டு. மருமகன் கேட்ட பணத்துக்காகத் தன் மனைவியின் வளையலை அடகு வைத்த சீட்டு அது. அதிலிருந்த தேதி, மகள் இறப்பதற்குப் பத்தொன்பது நாள் முந்தையது. "இது எங்க வீட்டுச் சமாச்சாரம்மா, இதெல்லாம் எதுக்கு" என்று அதைத் திரும்பப் பைக்குள் வைக்கப் போனார். ஐம்பது சவரன் போட்டதற்கான கல்யாண ரசீதுகளைவிட அந்த ஒரு சீட்டு கனமானது. கோரிக்கை இருந்தது என்பதையும் அது கடைசி வரை தொடர்ந்தது என்பதையும் ஒருங்கே காட்டுவது அதுதான்.

எது வரதட்சணை என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. வீட்டுச் செலவுக்கும் உரம் வாங்கவும் கேட்ட பணம் வரதட்சணையாகாது என்று 2007-இல் ஒரு தீர்ப்பு வந்தது. மூன்று நீதிபதிகள் அமர்வு 2015-இல் அது சரியல்ல என்றது: திருமணத்துக்கு முன்போ பின்போ கேட்கப்பட்டு, அந்தப் பெண்ணின் மரணத்தோடு நியாயமாகத் தொடர்புபடுத்தக்கூடிய எந்தப் பணமும் பொருளும், உண்மைகள் தெளிவாக வேறு திசையைக் காட்டினாலொழிய, திருமணம் தொடர்பானதே. 2022 ஜனவரியில் மத்தியப் பிரதேச வழக்கில், வீடு கட்டப் பணம் கேட்டதும் வரதட்சணையே என்று கூறி, கணவருக்கும் மாமனாருக்கும் விதிக்கப்பட்ட தண்டனையை உச்ச நீதிமன்றம் மீட்டது. ஆனால் குழந்தை பிறப்பு முதலிய சடங்குகளில் வழக்கமாகச் செய்வது வரதட்சணையாகாது என்று 2001-இல் சொல்லப்பட்டதையும் மறக்கக் கூடாது. நம் ஊரில் தலைத் தீபாவளிக்கும் ஆடிக்கும் வளைகாப்புக்கும் செய்த சீரைப் பட்டியலிடுவதால் மட்டும் பயனில்லை. செய்தது போதாதென்று யார், எப்போது, என்ன சொல்லி மேலும் கேட்டார் என்பதையே எழுத வேண்டும்.

மறைவான செலவுகளும் உண்டு. கோரிக்கைக்கான சான்று பலவீனமானால் 80 முழுவதுமாக விழும். பாதி நிரூபணத்துக்குப் பாதித் தண்டனை என்பது இங்கில்லை. பிரிவுக்குப் பொருந்த வேண்டும் என்று உறவினர் சொல்லிக்கொடுத்து, முதல் புகாரில் இல்லாத 'கார் கேட்டார்கள்' என்பது மூன்றாவது வாக்குமூலத்தில் திடீரென முளைத்தால், உண்மையாகக் கேட்கப்பட்ட இரண்டு லட்சமும் சேர்ந்து நம்பகத்தன்மையை இழக்கும். வரதட்சணை கொடுத்ததை ஒப்புக்கொண்டால் தாங்களும் குற்றவாளி ஆவோமோ என்ற அச்சம் பல தந்தையரின் வாயை அடைக்கிறது. பாதிக்கப்பட்டவர் தரும் வாக்குமூலத்தைக் காரணமாக்கி அவர் மீதே வரதட்சணைத் தடைச் சட்டத்தில் வழக்குத் தொடர முடியாது என்று அச்சட்டத்தின் 7(3) பிரிவு பாதுகாப்புத் தருகிறது.

## பிரிவு 108: தற்கொலைக்குத் தூண்டுதல்

வரதட்சணைப் பேச்சே எழாத வீடுகளிலும் கொடுமை உண்டு. நிறத்தைச் சொல்லி, குழந்தையில்லை என்று சொல்லி, பெண் குழந்தை பிறந்ததைச் சொல்லி, சந்தேகப்பட்டு, வேலைக்கு அனுப்பாமல், தாய் வீட்டுக்குப் பேசவிடாமல் ஒரு பெண்ணைச் சிறிது சிறிதாக ஒடுக்கியிருந்தால் 80 பொருந்தாது. 108-ஐத்தான் பார்க்க வேண்டும். திருமணமாகி ஏழு ஆண்டு கடந்திருந்தாலும் அப்படியே. 'உறவினர்' என்ற கட்டுப்பாடு இதில் இல்லாததும் ஒரு வசதி. கணவருடன் தொடர்பிலிருந்த பெண் சட்டத்தின் பார்வையில் 'உறவினர்' அல்ல, ஆகவே 498-ஏ அவருக்குப் பொருந்தாது என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2009-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ரத்தம், திருமணம், தத்து ஆகியவற்றால் வராத ஒருவர் தூண்டினார் என்பதற்குச் சான்று இருந்தால் 108 மட்டுமே வழி.

ஆனால் இதன் சுமை கனமானது. கொடுமை நடந்தது, அதன்பின் தற்கொலை நடந்தது என்று காட்டினால் போதாது. அந்தப் பெண்ணுக்கு வேறு வழியே இல்லை என்ற நிலையை உண்டாக்கிய செயல், மரணத்துக்கு அருகில் நிகழ்ந்த செயல், அப்படித் தள்ளும் எண்ணம் ஆகியவை வேண்டும். கோபத்தில் 'உன் இஷ்டம்போல் செய், எங்கே வேண்டுமானாலும் போ' என்று கணவர் சொன்னது தூண்டுதல் ஆகாது என்று 2001-இல் சத்தீஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 306-இலிருந்து அவரை விடுவித்தது. கொடுமைக்கான தண்டனையை மட்டும் நிலைநிறுத்தியது. 2024 டிசம்பரில் குஜராத் வழக்கு ஒன்றில், திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் இறந்த பெண்ணின் கணவரையும் மாமனார் மாமியாரையும் 306-இலிருந்து விசாரணைக்கு முன்பே விடுவித்து, 498-ஏ விசாரணை மட்டும் தொடரட்டும் என்றது. இந்தத் தீர்ப்புகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு தினந்தோறும் நடந்த கொடுமையை, கடைசி வாரத்தில் என்ன நடந்தது என்ற ஒற்றைக் கேள்வியால் அளப்பது குடும்ப வாழ்வின் இயல்புக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இன்றைய சட்ட நிலை அதுதான், புகார் எழுதுபவர் அதை அறிந்தே எழுத வேண்டும்.

ஏழு ஆண்டுக்குள் தற்கொலை, அதற்கு முன் கொடுமை என்று காட்டினால் அதே சாட்சியச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு தூண்டுதலை அனுமானிக்க நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. மற்ற சூழ்நிலைகள் அனைத்தையும் பார்த்து 'அனுமானிக்கலாம்' என்பதே அதன் சொல். 118-இல் உள்ள கட்டாயம் இதில் இல்லை.

ஆந்திராவிலிருந்து சென்ற ஒரு வழக்கு 2002-இல் முடிந்தது. தந்தை திருமணத்தின்போது மகளுக்கு 'பசுப்பு குங்கும' என்று கொடுத்த நிலத்தை, நம் வழக்கில் மஞ்சள்காணி என்போமே அதை, தன் பெயருக்கு மாற்றித்தரச் சொல்லிக் கணவர் துன்புறுத்தினார். அது வரதட்சணைக் கோரிக்கை ஆகாது என்று 304-பி நிற்கவில்லை. ஆனாலும் அதே உண்மைகளை வைத்து, தனியாகக் குற்றச்சாட்டு வனையப்படாதபோதும், 306-இல் கணவரைக் குற்றவாளி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாமனார் மாமியாரின் விடுதலை அப்படியே நின்றது. ஒரு பிரிவு சரியும்போது மற்றொன்று தாங்குவதையும், அந்தத் தாங்கல் புகுந்த வீட்டார் வரை தானாக நீளாது என்பதையும் இது காட்டுகிறது.

## பிரிவு 85: கொடுமை

மூன்றாண்டுதானா என்று இதைப் பெற்றோர் வெறுப்போடு தள்ளுகிறார்கள். மாமியார், நாத்தனார் விஷயத்தில் கடைசியில் நிலைப்பது பல வழக்குகளில் இதுதான். திருவொற்றியூரில் 2006-இல் நடந்த மரணத்தில், மகன் சவூதி அரேபியாவில் இருக்க, மருமகள் மாமியாருடன் இருந்தார். 306-ஐ உயர் நீதிமன்றம் நீக்கிவிட்டது, 498-ஏ நின்றது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்ணே, அதுவும் மாமியாரே கொடுமை செய்யும்போது குற்றம் மேலும் கடுமையாகிறது என்று கண்டித்துத் தண்டனையை உறுதிசெய்தது. எண்பது வயதை எட்டியிருந்த அவருக்கு ஓராண்டு என்பது மூன்று மாதமாகக் குறைந்தது. பெற்ற தாய்க்கு அது ஆறுதலாக இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. குற்றவாளி என்ற தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

தற்கொலைக்குத் தள்ளக்கூடிய வேண்டுமென்றே செய்த நடத்தையும் கொடுமையே என்பதால் வரதட்சணை இல்லாத வழக்கிலும் இது பொருந்தும். இதன் குறை, தனியாக நின்றால் வேகமும் அழுத்தமும் குறைவது: ஏழாண்டு வரையிலான குற்றங்களில் காரணம் எழுதாமல் தானாகக் கைது செய்யக் கூடாது என்ற 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இதற்குப் பொருந்தும். மரணம் நிகழ்ந்த வழக்கில் இதை மட்டும் பதிவுசெய்து அனுப்பப் பார்த்தால் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

## ஒன்றையா, சேர்த்தா

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். ஏழாண்டுக்குள் மரணம், தேதியோடு சொல்லக்கூடிய கோரிக்கை இரண்டும் இருந்தால் 80-ஐயும் 85-ஐயும் சேர்த்து, மாற்றாக 108-ஐயும் கேளுங்கள். கோரிக்கைக்குச் சான்றில்லை என்றால் இல்லாததைச் சேர்க்காமல் 108-உம் 85-உம் போதும். கொலை என்ற 103-ஆம் பிரிவைப் பிரேதப் பரிசோதனையிலோ சூழ்நிலையிலோ அடிப்படை இருந்தால் மட்டுமே கேட்க வேண்டும். வரதட்சணை மரண வழக்குகளில் கொலைக் குற்றச்சாட்டையும் வழக்கமாகச் சேர்க்கச் சொன்ன 2010-ஆம் ஆண்டு உத்தரவு, சான்று இருக்கும் வழக்குகளுக்கு மட்டுமே என்று 2013-இல் விளக்கப்பட்டுவிட்டது.

## யார் யாரைச் சேர்ப்பது

கோபத்தில் ஒன்பது பேர் பெயரை எழுதிய ஒரு புகாரைப் பார்த்தேன். வெளியூரில் வாழும் திருமணமான நாத்தனார், அவர் கணவர், கல்லூரியில் படிக்கும் கொழுந்தன் வரை எல்லோரும் 'கூட்டாகச் சேர்ந்து கொடுமை செய்தார்கள்' என்ற ஒரே வாக்கியம். கணவன் செய்த தவறுக்கு உறவினர் அனைவரையும் இழுக்கும் போக்கை உச்ச நீதிமன்றம் 2000 முதலே எச்சரித்து வருகிறது. பொத்தாம்பொதுவான குற்றச்சாட்டுகளை 2022-லும் 2024 டிசம்பரிலும் ரத்தே செய்தது. ஒன்பது பேரில் ஆறு பேர் மீதான வழக்கு ரத்தாகும்போது மிச்சமிருக்கும் மூவரின் வழக்கறிஞர், இந்தக் குடும்பம் பொய் சொல்லும் குடும்பம் என்று அதையே ஆயுதமாக்குவார்.

ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் கீழே தனிப் பத்தி எழுதச் சொல்கிறேன். மாமியார்: என்ன சொன்னார், எந்தப் பண்டிகையை ஒட்டி, யார் காதில் விழுந்தது. மாமனார்: பேசித் தீர்க்க ஊர்ப் பெரியவர்கள் கூடியபோது என்ன கேட்டார். நாத்தனார்: அங்கேயே இருந்தாரா, தொலைபேசியில் பேசினாரா. ஒரு பெயருக்கு எழுத ஒரு சம்பவமும் இல்லையென்றால், மனம் எவ்வளவு கொதித்தாலும், அந்தப் பெயரை விட்டுவிட வேண்டும்.

## எந்தப் பிரிவானாலும் முதல் வாரத்தில் தீர்மானமாவது

ஏழாண்டுக்குள் நிகழும் பெண்ணின் தற்கொலையில் நிர்வாக நடுவரின் பிரேத விசாரணை கட்டாயம். நம் மாநிலத்தில் ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்) விசாரணை என்பது அதுதான். முதலில் சந்தேக மரணமாகப் பதிவாகும் வழக்கு, பெரும்பாலும் அந்த அறிக்கைக்குப் பிறகே பிரிவு மாற்றம் பெறுகிறது. "வயிற்றுவலி தாங்காமல்" என்ற சொற்றொடர் இந்தத் தாள்களில் எத்தனை முறை வருகிறது என்பதைப் பார்த்தவர்களுக்கே தெரியும். உடலைச் சீக்கிரம் வாங்கிப் போக வேண்டும் என்ற அவசரத்தில், 'சாவில் சந்தேகம் ஏதுமில்லை' என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்திட்ட பெற்றோர், குறுக்கு விசாரணையில் அந்த வரிக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

மகள் அம்மாவுக்கும் தோழிக்கும் அனுப்பிய குரல் பதிவுகளும் கடிதங்களும் மரண வாக்குமூலமாகவே ஏற்கப்படலாம். தற்கொலைக்கும் அந்த விதி பொருந்தும் என்பது 1984-லேயே தீர்ந்தது. அந்தக் கைப்பேசியில் எதையும் அழிக்காமல், பிறருக்கு அனுப்பிப் பிரதி எடுத்துக்கொண்டிருக்காமல், மகஜர் (கைப்பற்றியதற்கான பட்டியல்) போட்டுக் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். மின்னணுச் சான்றுக்குச் சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின் சான்றிதழ் இணைக்கப்பட்டதா என்று குற்றப்பத்திரிகை தாக்கலாகும்போது பார்க்க வேண்டும். வேறு மாவட்டத்தில் வாழும் பெற்றோர் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். பதிவுசெய்ய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்பி, அதன்பின் நடுவரை அணுகலாம்.

நகையும் சீரும் பற்றி ஒன்று. ஏழாண்டுக்குள் இயற்கையல்லாத காரணத்தால் பெண் இறந்தால், வரதட்சணையாகக் கொடுத்தவை, பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகளுக்கும் இல்லையென்றால் பெற்றோருக்கும் சேர வேண்டும் என்று வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. 'வழக்கை வாபஸ் வாங்கினால் நகையைத் தருகிறோம்' என்று பஞ்சாயத்தில் பேரம் பேசுபவர்கள், தங்களுடையதல்லாத ஒன்றை விலைபேசுகிறார்கள்.

மகள் இன்னும் உயிரோடு அந்த வீட்டில் இருக்கும்போதே இதைப் படிப்பவர்கள் இருந்தால், மேலே சொன்ன பிரிவுகளை எண்ணிக் காத்திருக்க வேண்டாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், மனம் உடைந்திருந்தால் 14416 என்ற எண்ணும் இரவிலும் இயங்குகின்றன. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், "வந்துடும்மா, நம்ம வீடு இருக்கு" என்று இன்றைக்கே ஒரு போன் போடுங்கள்.

புகார் எழுத உட்காரும் பெற்றோர் திருமணப் பதிவுச் சான்றிதழை மேலே வைத்து, அதன்கீழ் கடைசி ஆறு மாதச் சம்பவங்களைத் தேதி வரிசையில் எழுதி, வங்கிப் புத்தகத்தையும் அடகுச் சீட்டையும் அந்தந்தத் தேதிக்கு நேரே குண்டூசியால் குத்தி எடுத்துப் போகட்டும். பிரிவின் எண்ணை அதற்குப் பிறகு பேசலாம்.